ஊதா கசிந்த கற்கள்: ரப்பர் முத்திரை வைத்த 96 கூழாங்கற்களின் நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்களாகச் சேர்ந்து ஒரு சிறிய கைவினைக் குழுவை நடத்திவருகிறோம். கடந்த ஐப்பசியில் இலாசுப்பேட்டையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தங்கள் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வருபவர்களின் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க 140 வண்ணக் கற்கள் வேண்டும் என்று கேட்டு வந்தனர். உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல்லுக்கு வண்ணம் பூசி, அதன் மேல் மாங்காய் வடிவமோ புள்ளிக்கோலமோ ரப்பர் முத்திரையால் பதித்து, தம்பதியரின் பெயரையும் தேதியையும் கீழே பதிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கையால் வரைந்தால் ஒரு கல்லுக்கு அரை மணி நேரம் ஆகும். முத்திரை என்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டு ஒப்புக்கொண்டோம். அந்தக் கணக்கு எங்கே பிசகியது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை எங்கள் வேலைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டே இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள் என்று எனக்குத் தோன்றுவதால், வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது

தோட்டச் செடிகள் விற்கும் கடையில் மூட்டையாக வாங்கிய கூழாங்கற்களில் வடிவம் சரியில்லாதவற்றைக் கழித்தபின் 146 தேறின. எங்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் பொறுக்கி வைத்திருந்த 14 கற்களையும் பெட்டியோடு கொண்டுவந்து சேர்த்தார். முதல் தவணையாக, கடையில் வாங்கியவற்றில் 96 கற்களைக் கழுவிக் காயவைத்து, அக்ரிலிக் வண்ணத்தை இரண்டு பூச்சாகப் பூசினோம். மஞ்சள், வெளிர்ப்பச்சை, சந்தன நிறம் ஆகியவற்றைப் பெரும்பாலான கற்களுக்கும், அடர்நீலத்தைச் சில கற்களுக்கும் பூசினோம். செம்பழுப்பு நிறத்தில் இயல்பாகவே அழகாயிருந்த சில கற்களுக்கு விளிம்பில் மட்டும் வண்ணம் கொடுத்து நடுப்பகுதியை அப்படியே விட்டுவிட்டோம். மறுநாள் முத்திரை வைத்தோம். அலுவலகங்களில் பயன்படும் சாதாரண ஊதா ஸ்டாம்ப் பேட்தான் கையில் இருந்தது. பதிவு கூர்மையாகவும் பளிச்சென்றும் விழுந்ததால் அதையே தொடர்ந்து பயன்படுத்தினோம்.

இரண்டு நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு மாலையில், தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் 96 கற்களுக்கும் பூசினோம். முதல் நாலைந்து கற்களிலேயே தூரிகை ஊதாவாக மாறியதைக் கவனித்திருக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில், மளமளவென்று முடிக்கும் அவசரத்தில், கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தபோது மாங்காயின் வரிகள் கரைந்து கல் முழுவதும் ஊதாப் புகை படிந்ததுபோல இருந்தது. பெயர்கள் படிக்க முடியாத அளவுக்கு மங்கிப்போயிருந்தன. எண்ணிப் பார்த்ததில் 61 கற்கள் முற்றிலும் கெட்டிருந்தன. 18 கற்களில் வரிகளைச் சுற்றி லேசான ஊதா வளையம் மட்டும் படர்ந்திருந்தது. 17 கற்களுக்கு எந்தக் கேடும் இல்லை.

வார்னிஷ் மேல் போட்ட பழி

எங்கள் முதல் முடிவு, வாங்கிய வார்னிஷ் சரியில்லை என்பது. அதுவரை அந்த வார்னிஷைக் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் மரத்தட்டுகளுக்கும் பூசியிருக்கிறோம். ஒருமுறைகூட நிறம் கலங்கியதில்லை. ஆகவே இந்த டப்பாதான் கெட்டது என்று பேசிக்கொண்டோம். இரண்டாவது சந்தேகம் மழை மேல் விழுந்தது. வடகிழக்குப் பருவமழைதான் புதுச்சேரிக்கு ஆண்டின் பெருமழையைக் கொண்டுவருவது. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் ஈரம் விடாது. அந்த ஈரக்காற்றில் பூச்சு காயாமல் இருந்திருக்கும் என்பது இரண்டாவது விளக்கம்.

இரண்டு விளக்கங்களும் ஓர் இடத்தில் உடைந்தன. கெடாமல் தப்பிய 17 கற்களுக்கும் அதே டப்பா, அதே தூரிகை, அதே மாலை, அதே ஈரம். குற்றம் வார்னிஷிலோ வானத்திலோ இருந்திருந்தால் அந்தப் பதினேழும் கெட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் குறிப்பேட்டைத் திறந்து, கற்களைத் தட்டுகளிலிருந்து எடுத்து மூன்று குவியலாகப் பிரித்து வைத்துப் பார்த்தோம். தப்பிய 17 கற்களும் அடர்நீலம் பூசியவை. நீலத்தின் மேல் ஊதா எடுபடாது என்பதால், அவற்றுக்கு மட்டும் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சில் தொட்டு முத்திரையில் ஒற்றிப் பதித்திருந்தோம். ஸ்டாம்ப் மையே அவற்றில் படவில்லை. லேசாக வளையம் விழுந்த 18 கற்களும் நடுப்பகுதியில் வண்ணம் பூசாமல் விட்ட செம்பழுப்புக் கற்கள். முழுவதும் கெட்ட 61 கற்களும் வெளிர்வண்ணம் பூசி, அதன் மேல் ஊதா மையால் முத்திரை வைத்தவை. மூன்று குவியலும் மை, பரப்பு ஆகியவற்றின் மூன்று விதமான சேர்க்கையைக் காட்டின என்பதை அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதே நாங்கள் உணர்ந்தோம். ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

காகிதம் குடிக்கும் மை

பெயர் முத்திரையைச் செய்து கொடுத்தவர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். கெட்ட கல் ஒன்றையும் தப்பிய கல் ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். கல்லை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இது காகிதத்துக்கான மை. காகிதம் குடிச்சாத்தான் இது காயும். நீங்க பெயிண்ட் மேல வச்சா எங்க போகும்?” என்றார். எங்கள் வழக்கு அந்த ஒரு கேள்வியில் திறந்துகொண்டது.

சாதாரண ஸ்டாம்ப் பேட் மையில் சாயம், தண்ணீர் ஆகியவற்றோடு கிளிசரினோ அதைப் போன்ற ஒரு திரவமோ இருக்கும். மூடியைத் திறந்து வைத்தாலும் பேட் நாள்கணக்கில் உலராமல் இருப்பதற்கு அதுதான் காரணம். கிளிசரின் தானாக ஆவியாவது மிகக் குறைவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே இந்த மை ‘காய்வது’ என்று நாம் சொல்வது உண்மையில் காய்வதே அல்ல. காகித நார்களுக்குள் உறிஞ்சப்பட்டு ஒளிந்துகொள்வதுதான். அக்ரிலிக் வண்ணமோ வேறு வகை. அதன் தண்ணீர் ஆவியாகும்போது பிளாஸ்டிக் போன்ற நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு தோலாகப் படிகின்றன. அந்தத் தோல் எதையும் குடிப்பதில்லை. அதன் மேல் வைத்த ஊதா மை, பார்வைக்குக் காய்ந்ததுபோல மெல்லிய படலமாக நின்றாலும், முதல் ஈரம் பட்டவுடன் கரைந்து ஓடக் காத்திருந்தது. தண்ணீர் கலந்த வார்னிஷ் அந்த ஈரத்தைக் கொடுத்தது. தூரிகை அதை இழுத்துப் பரப்பியது. மழைக்காலக் காற்று கிளிசரினை இன்னும் ஈரமாக வைத்திருந்தது என்ற அளவில் மட்டும் வானத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

வண்ணம் பூசாத செம்பழுப்புக் கற்களில் ஏன் பாதிச் சேதம் என்பதும் இதனால் விளங்கியது. நுண்துளைகள் உள்ள கல் காகிதத்தைப் போலக் கொஞ்சம் மையைக் குடித்தது. குடித்தது போக மேலே நின்றது மட்டும் வார்னிஷில் கரைந்து வளையமாகப் படர்ந்தது.

கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்காமல், கழித்துப் போட்டிருந்த கற்களில் மஞ்சள் வண்ணம் பூசி ஐந்து வகையில் முத்திரை வைத்துச் சோதித்தோம்: ஊதா ஸ்டாம்ப் பேட் மை, கறுப்பு ஸ்டாம்ப் பேட் மை, கைவினைக் கடையில் விற்கும் கெட்டியான நிறமி மை, பிளாஸ்டிக் மேலும் கண்ணாடி மேலும் குறியிடுவதற்கான கரைப்பான் மை (தண்ணீருக்குப் பதில் வேகமாக ஆவியாகும் வேறு திரவத்தில் கரைத்தது), பஞ்சில் ஒற்றிய அக்ரிலிக் வண்ணம். ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் கழித்தும், ஒரு நாள் கழித்தும், மூன்று நாள் கழித்தும் விரலால் தேய்த்தோம். பிறகு ஈரப்பஞ்சால் துடைத்தோம். கடைசியில் வார்னிஷ் பூசினோம்.

ஊதா மையும் கறுப்பு மையும் மூன்றாம் நாளிலும் விரலில் ஒட்டின. நிறமி மை, பளபளப்பான பூச்சின் மேல் மூன்று நாளிலும் முழுதாக உலரவில்லை. மங்கலான, சற்றே சொரசொரப்பான பூச்சின் மேல் வைத்துத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டியபோது நின்றது. கரைப்பான் மை சில நிமிடங்களில் இறுகிவிட்டது. ஈரப்பஞ்சுக்கும் வார்னிஷுக்கும் அசையவில்லை. அக்ரிலிக் வண்ணமும் அப்படியே. அடியில் இருப்பதும் மேலே பதிவதும் ஒரே குடும்பம் என்பதால் அது பூச்சோடு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கரைப்பான் மை எல்லா மேல்பூச்சுக்கும் அஞ்சாதது அல்ல. சோதனைக் கல் ஒன்றில் தெளிப்பான் வார்னிஷை அடித்தபோது, அதிலிருந்த கரைப்பான் இந்த மையையும் இளக்கி வரிகளைத் தடிக்கச் செய்தது. எந்தத் திரவத்தில் மை கரையுமோ அந்தத் திரவம் கலந்த வார்னிஷ் அதன் மேல் படக்கூடாது. தண்ணீரில் கரையும் மைக்கு மேல் தண்ணீர் வார்னிஷும், கரைப்பான் மைக்கு மேல் கரைப்பான் வார்னிஷும் ஆபத்து. தெளிப்பான் வார்னிஷுக்கு மழைக்காலத்தில் இன்னொரு குறையும் உண்டு. அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது கல்லின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். நண்பகல் வெயிலில் அடித்த கல் தெளிவாக இருந்தது. மாலையில் அடித்த கல் வெளுத்தது.

பரப்பு வளைவது

மையின் கேட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாங்கள் கவனிக்கத் தவறியிருந்த இன்னொரு குறையும் வெளிச்சத்துக்கு வந்தது. கெடாத 17 கற்களிலும்கூடப் பாதியில் கோலத்தின் ஓரப் புள்ளிகள் விழவில்லை. பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மங்கியிருந்தன. காரணம் எளிது: மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் தட்டையானது, கல் வளைந்தது. எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் மட்டும்தான் தொடும். அதிகம் அழுத்தினால் நடுவில் மை பிதுங்கி வரி தடிக்கும், ஓரம் அப்போதும் வெறுமையாகவே இருக்கும்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கும்போது விரலை நேராக அழுத்த விடமாட்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே தடவை உருட்டச் செய்வார்கள். விரலும் வளைந்த பரப்புதானே. நாங்களும் அதையே செய்தோம். ரப்பரை மரக்கட்டையிலிருந்து மெல்ல உரித்தெடுத்து, ஒரு மெத்தென்ற நுரைத் துண்டின் மேல் முகம் மேல்நோக்க ஒட்டி மேசையில் வைத்தோம். அதன் மேல் வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி, கல்லைக் கையில் பிடித்து, ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே தடவை உருட்டினோம். முத்திரையைக் கல்லிடம் கொண்டுபோவதற்குப் பதிலாகக் கல்லை முத்திரையிடம் கொண்டுபோனதுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். அம்மியில் குழவி போல முன்னும் பின்னும் உருட்டிவிடக் கூடாது. திரும்பி வந்தால் வரி இரட்டையாக விழும். பத்துப் பதினைந்து கற்களுக்குப் பிறகு கை பழகிவிட்டது.

அப்படியும் எல்லா வடிவமும் எல்லாக் கல்லிலும் பொருந்தாது. புள்ளிக்கோலமும் மாங்காயும் வளைவை மறைத்துக்கொள்ளும். ஒரு புள்ளி சற்று நகர்ந்தாலும் கண் மன்னித்துவிடும். எழுத்து வரிசை அப்படியல்ல. நேர்கோடு கல்லின் வளைவில் வில்லாக வளைவது உடனே தெரிந்துவிடும். ஆகவே ஒரு ஸ்கேலைக் கல்லின் மேல் படுக்க வைத்து, இரு பக்கமும் வெளிச்சம் தெரியாமல் ஒட்டி நிற்கும் நீளத்தை அளந்தோம். ஏழு சென்டிமீட்டர் கல்லில் அந்த நீளம் பெரும்பாலும் மூன்றரையைத் தாண்டவில்லை. நான்கரை சென்டிமீட்டரில் செய்திருந்த பெயர் முத்திரை அதனால்தான் முனைகளில் விழவில்லை. அதைக் கைவிட்டு மூன்று சென்டிமீட்டரில், பெயரை இரண்டு வரியாகப் பிரித்து, புதிதாகச் செய்யச் சொன்னோம்.

புதிய முத்திரையை எதில் செய்வது என்பதும் கேள்வியாயிற்று. பழையது, பார்வைக்கு ரப்பர் போலவே இருக்கும் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்தது. கரைப்பான் மை பாலிமரை நாளடைவில் பிசுபிசுக்கச் செய்து எழுத்தின் விளிம்பை மழுக்கிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். லேசரில் வெட்டிய ரப்பரிலேயே வாங்கினோம். பெயருக்குக் கரைப்பான் மையையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அக்ரிலிக் வண்ணம் மெல்லிய எழுத்துகளின் இடுக்கில் நிரம்பிக்கொள்வது. கோலத்துக்கும் மாங்காய்க்கும் அந்தத் தொல்லை இல்லை. நான்கு பதிவுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். கழுவ மறந்து வண்ணம் முத்திரையிலேயே காய்ந்துவிட்டால் பிறகு வரியை மீட்பது கடினம்.

உப்புக் கற்கள்

கடலோரத்திலிருந்து வந்த 14 கற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் தவணையில் அவற்றுக்கும் வண்ணம் பூசினோம். பத்து நாளுக்குள் ஐந்து கற்களில் வண்ணம் சிறு கொப்புளங்களாக எழும்பி, உடைத்துப் பார்த்தால் அடியில் வெண்பொடி இருந்தது. கல்லின் துளைகளில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, உலரும்போது படிகமாகி, பூச்சைத் தள்ளுகிறது. மற்றொரு கல்லை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு சில்வர் தட்டில் வெயிலில் வற்றவிட்டோம். பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் குழாய்த் தண்ணீரையும் வற்றவிட்டோம். குழாய்த் தண்ணீரும் வெள்ளைக் கறை விடும் என்பதால் இந்த ஒப்பீடு தேவை. கல் ஊறிய தட்டில் கறை பல மடங்கு தடிப்பாக இருந்தது. தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்திருக்கலாம்; நாள் போதாததால் அந்தப் பதினான்கையும் ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கி மீதியிருந்த 20 கற்களிலிருந்து 14 எடுத்துக்கொண்டோம்.

மீட்டது

கெட்ட 61 கற்களின் மேல் வெள்ளை பூசி மறைத்துவிடலாம் என்று மூன்று கற்களில் முயன்றோம். வெள்ளை உலர உலர அடியிலிருந்து ஊதா மேலேறி, பூச்சு வெளிர்ரோஜாவாக மாறியது. இரண்டாம் பூச்சும் அப்படியே ஆனது. ஊதா மைகளில் பயன்படும் மெத்தில் வயலெட் வகைச் சாயம், வாய்ப்புண்ணுக்கு ஒரு காலத்தில் வீடுகளில் தடவிய ஜென்ஷன் வயலெட்டின் நெருங்கிய உறவு. அது பட்ட தலையணை உறையை எத்தனை முறை துவைத்தார்கள் என்பதை நினைவுள்ளவர்கள் அறிவார்கள். தண்ணீர் உள்ள எந்தப் பூச்சை மேலே போட்டாலும் அந்தச் சாயம் அதில் ஏறிவரும்.

ஆகவே உரிப்பதைத் தவிர வழியில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துக் கல்லைச் சுற்றி வைத்தால், சிறிது நேரத்தில் அக்ரிலிக் தோல் இளகி, மையோடு சேர்ந்து வழிந்துவிடுகிறது. கையுறை அணிந்து, மொட்டை மாடியில், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாமல் இதைச் செய்தோம். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். வழுவழுப்பான கற்கள் என்பதால் 61உம் சுத்தமாயின. செம்பழுப்புக் கற்கள் 18இலும் சாயம் துளைக்குள் இறங்கிவிட்டதால் துடைக்கத் துடைக்க வளையம் பெரிதானதே தவிர மறையவில்லை. அவற்றைக் கைவிட்டு, எஞ்சிய 6 கற்களோடு மேலும் 12 வாங்கிச் சேர்த்தோம்.

மறுபடி செய்தபோது அடிப்பூச்சு மங்கலான வகையில் இரண்டு மெல்லிய பூச்சு. தொட்டால் ஒட்டாத நிலை வந்தபிறகும் மின்விசிறியின் கீழ் மூன்று முழு நாள் காத்திருப்பு. வடிவங்களுக்குப் பஞ்சில் ஒற்றிய அக்ரிலிக். பெயருக்குக் கரைப்பான் மை. அதன்பின் இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வார்னிஷ். முதல் பூச்சைத் தூரிகையால் இழுக்காமல் பஞ்சால் மெல்ல ஒற்றினோம். ஒவ்வொரு தட்டிலும் முதலில் ஒரே ஒரு கல்லுக்குப் பூசி, விடியும்வரை பார்த்த பிறகே மற்றவற்றைத் தொட்டோம். முன்பு தப்பிய 17 நீலக் கற்களில் ஓரம் விழாத புள்ளிகளை மட்டும் ஊசித்தூரிகையால் நிரப்பி, அவற்றின் பெயரையும் அதே தூரிகையால் திருத்தினோம். வார்னிஷ் பூசியதை மறுபடி உரிக்க மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை 140 கற்களும் இலாசுப்பேட்டை போய்ச் சேர்ந்தன. கூலிக் கணக்கில் இந்த வேலை எங்களுக்கு நட்டம். ஆல்கஹாலும் புதிய முத்திரையும் கூடுதல் கற்களும் லாபத்தைத் தின்றுவிட்டன.

கைவிட்ட 18 செம்பழுப்புக் கற்களை எறியவில்லை. ஒன்பதைத் தென்பக்க ஜன்னலிலும் ஒன்பதை மூடிய அலமாரியிலும் தை மாதத்தில் வைத்தோம். சித்திரை தொடங்கியபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அலமாரிக் கற்களில் ஊதா வளையம் அப்படியே இருந்தது. வெயில் பட்ட கற்களில் அது சாம்பல் கலந்த நீலமாக வெளுத்து, இரண்டு கற்களில் மாங்காயின் வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஜன்னலில் அவற்றோடு சேர்த்து வைத்திருந்த வெள்ளை அக்ரிலிக் பதித்த சோதனைக் கல்லில் ஒவ்வொரு புள்ளியும் வைத்த இடத்திலேயே இருந்தது.